அண்ணனின் முதுகில் எழுதிய முகவரி

தம்பி,

நேற்றுப் பின்னேரம் குசினியில் நின்று நீ அம்மாவிடம் சொன்னது இந்த அப்பாவுக்கும் கேட்டது. நான் வளவில் தென்னோலைகளை இழுத்து அடுக்கிக்கொண்டிருந்தேன். "அண்ணாவ விட்டிட்டு நான் எப்பிடியம்மா போறது? குவைத்தும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம்" என்றாய். அம்மா சட்டி கழுவும் சத்தம் நின்றுபோனது. உள்ளே வந்து நான் ஏதாவது சொல்லியிருக்கலாம். ஆனால் இப்படியான கதைகளை முகத்துக்கு நேரே கதைத்து எனக்குப் பழக்கமில்லை. துறைமுகத்தில் கப்பல் இழுக்கும் இழுவைப் படகின் இயந்திர அறையில் என் வாலிபம் முழுவதும் போனது. அங்கே கத்தினாலும் பக்கத்தில் நிற்பவனுக்குக் கேட்காது. கையைக் காட்டித்தான் எல்லாம் நடக்கும். அதனால் எழுதுகிறேன். வீட்டில் இப்படி ஒருவரை விட்டுவிட்டுப் புறப்பட முடியாமல் நிற்கிற பிள்ளைகள் இந்தத் திருகோணமலையில் நீ ஒருவன் மட்டுமல்ல. அவர்கள் கையில் இது கிடைத்தாலும் வாசிக்கட்டும். எனக்கு ஒளிக்க ஒன்றுமில்லை.

அண்ணன் பிறந்தபோது நாங்கள் துறைமுகக் குவாட்டர்ஸில் இருந்தோம். நடக்கப் பிந்தினான். பேச்சு வரும் வரும் என்று காத்திருந்தோம். "அம்மா", "சோறு", "போவம்" என்ற மூன்று சொல்லோடு அது நின்றுவிட்டது. பெரியாஸ்பத்திரியில் டாக்டர் நீளமான பெயர் ஒன்று சொன்னார். எங்களுக்கு விளங்கியது இவ்வளவுதான்: உடம்பு ஆளாக வளரும், மனம் சின்னப் பிள்ளையாகவே இருந்துவிடும். நடக்கத் தொடங்கிய பிறகு அவனை ஓரிடத்தில் இருத்த முடியவில்லை. மாட்டு வண்டி போனால் அதன் பின்னால் போவான். கோயில் மேளம் கேட்டால் மேளத்தின் பின்னால் போவான். கப்பலில் இருந்து இறங்கி வரும் மாலுமிகளின் பின்னாலும் போயிருக்கிறான். ஆனால் அந்தக் காலத்தில் நாங்கள் பயப்படவில்லை. குவாட்டர்ஸில் எல்லாருக்கும் அவனைத் தெரியும். தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள், வாசல் காவலாளி, பாண் விற்கிறவர் என்று யாராவது ஒருவர் கையில் பிடித்து வந்து வீட்டுப் படலையடியில் விட்டுவிட்டுப் போவார். சில நாள் அவன் போனதே எங்களுக்குத் தெரிந்திருக்காது, திரும்பி வந்த பிறகுதான் தெரியும்.

நான் ஓய்வுபெற்றதும் குவாட்டர்ஸை விட வேண்டி வந்தது. உப்புவெளியில் இந்த வீட்டைக் கட்டிக்கொண்டு வந்தோம். உனக்கு இது நினைவிருக்கும். புது வீடு என்று நீ துள்ளினாய். உன் அம்மா முதல் நாளே படலையில் நின்று தெருவைப் பார்த்துவிட்டுச் சொன்னாள், "இஞ்ச ஒருத்தருக்கும் இவனைத் தெரியாதே" என்று. கடற்கரையோரம் ஹோட்டல்கள் எழும்பத் தொடங்கிய நேரம் அது. கல், மண், சீமெந்து ஏற்றிய லொறிகள் ஓயாமல் போய்வந்தன. ஓடுகிற எதையும் பின்தொடர்கிற பிள்ளைக்கு இதைவிடக் கெட்ட தெரு வேண்டியதில்லை.

அந்த வருடம் நாங்கள் பட்ட பாடு. சேட்டுக் கழுத்தின் உட்புறத்தில் அம்மா நூலால் பெயரும் ஊரும் தைத்துவிட்டாள். குத்துகிறது என்று அவன் அதைக் கழுத்தோடு கிழித்தான். தகட்டில் எழுதிக் கறுப்புக் கயிற்றில் கட்டிவிட்டேன். அடுத்த நாளே கடலில் எறிந்துவிட்டு வந்தான். சேட்டுப் பைக்குள் வைத்த கடுதாசி வியர்வையில் ஊறிக் கூழாகும். படலையைப் பூட்டிப் பார்த்தோம். பூட்டுக்குள் இருந்து அவன் எழுப்பிய சத்தத்தை அம்மாவால் ஒரு பொழுதுகூடத் தாங்க முடியவில்லை. உறவினர் ஒருவர், கையில் பச்சை குத்திவிடுங்கள், அழியாது என்றார். எனக்கு அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. அம்மா எழும்பி நின்றுவிட்டாள். "மாட்டுக்குக் குறி சுடுற மாதிரி என்ர பிள்ளைக்கோ? ஆரும் அவனில கை வைக்க ஏலாது" என்றாள். அதோடு அந்தக் கதை முடிந்தது.

பிறகுதான் உன்னுடைய ரீசேட் வந்தது. பிறநாட்டுச் சாமான்கள் கடைத்தெருவில் குவியத் தொடங்கியிருந்தன. அயன் பண்ணி ஒட்டுகிற படங்கள் பெட்டிக்கடையிலும் தொங்கின. கழுகுப் படம் ஒன்றை வாங்கி வந்து உன் வெள்ளை ரீசேட்டில் நீயே ஒட்டிக்கொண்டாய். அதைப் போட்டுக்கொண்டு நீ சாப்பிட இருந்தபோது அண்ணன் உனக்கு முன்னால் வந்து குந்தினான். கழுகின் மேல் விரலை வைத்துத் தடவினான். வழுவழுவென்று இருந்தது அவனுக்குப் பிடித்துவிட்டது. சோறு ஆறிக் காயும்வரை தடவிக்கொண்டேயிருந்தான். நீ அசையாமல் இருந்தாய். நான் கதிரையில் இருந்து இதைப் பார்த்தேன், ஒன்றும் தோன்றவில்லை. உனக்குத்தான் தோன்றியது. "அப்பா, இது இவனுக்குக் குத்தாது. இதை இவன் கிழிக்கமாட்டான்" என்றாய். பொத்தானைக் கண்டால் கடித்துப் பிடுங்குகிறவனுக்குப் பொத்தானே இல்லாத சட்டை. உண்மையில் அது அவனுக்கென்றே செய்த உடுப்புப் போலத்தான் இருந்தது.

படம் கடையில் கிடைத்தது, எழுத்துக் கிடைக்கவில்லை. ஆங்கில எழுத்துகள் வந்திருந்தன. தமிழ் எழுத்து எந்தக் கடையிலும் இல்லை. உன் சிநேகிதன் ஒருவன் கொழும்பிலிருந்து படமில்லாத வெறும் தாள் கொண்டுவந்து தந்தான். ஒரு பக்கம் கடுதாசி, மறுபக்கம் ரப்பர் மாதிரி நீலப் பூச்சு. வேண்டிய வடிவத்தை வெட்டி, பூச்சுத் துணியில் படும்படி கவிழ்த்து, சூடான அயன் பெட்டியால் அழுத்தி, ஆறியபின் கடுதாசியை உரித்தால் பூச்சுத் துணியோடு நின்றுவிடும். கேட்க லேசாக இருந்தது. நீ நீலப் பக்கத்தில் எழுதி வெட்டினாய். ஒட்டிப் பார்த்தால் எழுத்தெல்லாம் கண்ணாடியில் தெரிகிற மாதிரி இடம் வலம் மாறி நின்றது. அடுத்த முறை கடுதாசிப் பக்கத்தில் எழுதினாய். எழுத்துச் சரியாக வந்தது, ஆனால் "செல்வன்" என்ற பெயரில் லகரப் புள்ளி அயன் பெட்டியோடு ஒட்டிக்கொண்டு போய்விட்டது. அண்ணன் "செலவன்" ஆகிவிட்டான். அம்மா குசினி வாசலில் இருந்து கண்ணீர் வரச் சிரித்தாள். புது வீட்டுக்கு வந்த பிறகு அவள் அப்படிச் சிரித்ததை அன்றுதான் கண்டேன்.

வீட்டில் அப்போது மின்சாரம் இல்லை. சிரட்டைக்கரி போட்ட அயன் பெட்டியின் சூட்டை அளப்பது பெரிய வேலை. கூடினால் பூச்சுக் கருகி நாறும். குறைந்தால் முதல் கழுவலிலேயே உரியும். தண்ணீர் தெளித்துப் பார்ப்பாய், வாழையிலையில் தேய்த்துப் பார்ப்பாய், சாம்பல் பறக்காமல் ஊதுவாய். எத்தனை பழஞ்சேட்டைச் சுட்டுப் பழுதாக்கினாய் என்று நான் கணக்குப் பார்க்கவில்லை. பள்ளிக்கூடப் படிப்பில் நீ காட்டாத பொறுமையை அந்த மேசையில் கண்டேன். அதை அப்போதே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். இப்போது சொல்கிறேன்.

அதைவிடப் பெரிய வேலை என்ன எழுதுவது என்பதாக இருந்தது. "செல்வன், பேச மாட்டான், உப்புவெளி" என்று எழுது என்றேன் நான். "பேச மாட்டான் எண்டது வேண்டாம் அப்பா. அது இவன்ர குறை. அதை ஏன் முதுகில தூக்கிக்கொண்டு திரிய வேணும்? பேரும் வீடும் போதும்" என்றாய். அம்மா வேறு ஒன்று கேட்டாள். முன்னொரு நாள் கடை ஒன்றில் வாழைப்பழத்தை எடுத்தான் என்று கள்ளன் என நினைத்து யாரோ அவனை அடித்திருந்தார்கள். முதுகில் தடம் இருந்தது. அம்மா அதை மறக்கவில்லை. "'அடிக்க வேண்டாம்' எண்டு போடு தம்பி" என்றாள். நீ கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டாய். மெதுவாகச் சொன்னாய்: "அதைப் போட்டா, அடிக்க நினையாதவனுக்கும் அந்த நினைப்பு வரும் அம்மா." அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஓம், சரி" என்றாள். கடைசியில் முதுகுப்புறத்தில் அவன் பெயர், என் பெயர், எங்கள் வீட்டு ஒழுங்கையின் பெயர், ஊர் உப்புவெளி, "வீட்டுக்குக் கொண்டுவந்து விடுங்கள்" என்ற ஒரு வரி. நெஞ்சில் மட்டும் என் இழுவைப் படகின் படம், புகைக்குழாயோடு. அது ஏன் என்று நான் கேட்டதற்கு, "முதல்ல ஆக்கள் படத்தைப் பார்க்கட்டும். அவனும் பார்க்கட்டும். பிறகு முதுகைப் பார்க்கட்டும்" என்றாய்.

சிங்களத்திலும் இருக்க வேண்டும் என்றதும் நீதான். என்னோடு படகில் சுக்கான் பிடித்த பியசேன எழுதித் தந்ததைப் பார்த்து, தெரியாத எழுத்தைப் படம் மாதிரி வெட்டி ஒட்டினாய். பியசேன வந்து பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டான். "தம்பி, ஒரு எழுத்து விட்டுப் போச்சு. இப்ப இதில 'வீட்டுக்குக் கொண்டு போங்க' இல்ல, 'வீட்டக் கொண்டு போங்க' எண்டு இருக்கு. ஒரு நாள் லொறியோட வந்து வீட்டத் தூக்கிட்டுப் போவாங்க." அந்த எழுத்தையும் வெட்டிச் சேர்த்தாய். அண்ணன் அந்த ரீசேட்டைப் போட்ட பிறகு கழற்ற விடவில்லை. குளிக்க வார்க்கும்போதும் அதோடுதான் நின்றான். அதனால் இன்னும் இரண்டு மூன்று செய்ய வேண்டி வந்தது.

இனி அந்த நாளைச் சொல்ல வேண்டும். நீ அங்கே இருந்தாய். ஆனால் உன் கண்ணால் கண்டது பாதி. மாரி தொடங்கி முதல் மழை பெய்து ஓய்ந்த காலை. அம்மா கிணற்றடியில் இருந்தாள், நான் கடைக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது படலை திறந்து கிடந்தது. வழக்கம்போல் தேடினோம்: கடற்கரை, ஹோட்டல் கட்டுகிற இடம், கோயில். மத்தியானம் கடந்தும் இல்லை. லொறி ஒன்றின் பின்னால் தொங்கிக்கொண்டு போனதைக் கண்டதாக ஒருவர் சொன்னார். எந்தப் பக்கம் என்று அவருக்கு நிச்சயமில்லை. நீ சைக்கிளை எடுத்துக்கொண்டு டவுனுக்குப் போனாய். நான் பழைய பழக்கத்தில் துறைமுகத்துக்குப் போனேன். பியசேன சின்ன வள்ளம் ஒன்றை எடுத்துவந்து என்னையும் ஏற்றிக்கொண்டு கரையோரமாகவே போனான். நீ அன்று தெருவெல்லாம் பார்த்தாய், மகன். நான் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கறுப்பாக ஏதாவது மிதந்தால் பியசேனவுக்குக் கையைக் காட்டுவேன். கிட்டப் போனால் மரக்கட்டையாக இருக்கும்.

அன்று அண்ணன் வரவில்லை. அடுத்த நாள் காலையில் நீ மறுபடியும் போய்விட்டாய். நானும் அம்மாவும் வாசலில் இருந்தோம். வெயில் ஏறிய நேரம் படலையடியில் ஒருவர் வந்து நின்றார். சாரம் கட்டி, தலையில் தொப்பி போட்ட, அறுபது வயது மதிக்கத்தக்க முஸ்லிம் மனிதர். அவர் கையில் அண்ணனின் ரீசேட் இருந்தது. மடித்து, நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தார். நீல எழுத்து எனக்குத் தெரிந்தது. அவருக்குப் பின்னால் பார்த்தேன். ஒருவரும் இல்லை.

அம்மா எழும்பவில்லை. இருந்த இடத்திலேயே ஒரு பக்கமாகச் சாய்ந்தாள். அவள் வாயிலிருந்து வந்த சத்தத்தை எழுத எனக்குத் தெரியாது. நான் அவளைப் பிடிக்கவுமில்லை, அந்த மனிதரிடம் போகவுமில்லை. சேட்டு இருக்கிறது, பிள்ளை இல்லை என்பதை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றேன். அவருக்கு ஒரு கணம் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு தன் கையைக் குனிந்து பார்த்தார். விளங்கியதும் ஓடி வந்து அம்மாவுக்கு முன்னால் மண்ணில் குந்திவிட்டார்.

"தங்கச்சி, அழாதீங்க. புள்ள இரிக்கான். அல்லாட காவல், புள்ள இரிக்கான்! காய்ச்சல் காயுது, அதான் கூட்டிட்டு வரல்ல. எங்கட ஊட்டுல படுத்திரிக்கான். கஞ்சி குடிச்சான்."

அம்மாவுக்குக் கேட்கவில்லை. அவர் திருப்பித் திருப்பிச் சொன்னார். சொல்லச் சொல்ல அவருக்கும் அழுகை வந்துவிட்டது. "என்ட மடத்தனம். சேட்ட மட்டும் கொண்டு வந்து நிண்டா பெத்தவள் என்னெண்டு நினைப்பாள் எண்டு யோசிக்கல்லயே" என்று தன் தலையில் தட்டிக்கொண்டார். அவர் பெயர் மீராசா; மூத்தவரைக் கூப்பிடும் அவர்கள் வழக்கில் எங்களுக்கும் மீராசா காக்கா. ஊர் குறிஞ்சாக்கேணி. அண்ணன் தொங்கிக்கொண்டு போன லொறி கிண்ணியாவுக்குப் போயிருக்கிறது. அங்கிருந்து எப்படியோ நடந்து, பாதை என்கிற மிதவையில் ஏறிக் களப்பைக் கடந்து, கரைக்கு வருமுன்னே தண்ணீரில் இறங்கிவிட்டான். இடுப்பளவுத் தண்ணீரில் நின்றவனை மீராசா காக்காவும் இன்னும் இரண்டு பேரும் இழுத்துக் கரையேற்றியிருக்கிறார்கள். ஈரச் சேட்டைக் கழற்றி, தன் மகனின் சேட்டைப் போட்டுவிட்டு, அவர் மனைவி அவனைக் கம்பளியால் போர்த்திப் படுக்க வைத்திருக்கிறார். மீராசா காக்காவுக்கு வாசிக்கத் தெரியாது. முதுகில் ஏதோ எழுத்திருக்கிறது என்று மட்டும் தெரியும். அதனால் சேட்டைக் காயப் போட்டு, விடிந்ததும் அதைக் கையில் எடுத்துக்கொண்டு புறப்பட்டுவிட்டார். பாதைத் துறையில் ஒருவர் வாசித்துச் சொன்னார். டவுனில் இன்னொருவர் வழி சொன்னார். வழியெல்லாம் சேட்டை விரித்து விரித்துக் காட்டிக்கொண்டே எங்கள் படலைவரை வந்திருக்கிறார்.

நீ திரும்பி வந்தபோது அம்மா புதுச் சேலை மாற்றிக்கொண்டு நின்றாள். நாலு பேரும் பஸ் ஏறினோம். குறிஞ்சாக்கேணியில் அந்தச் சின்ன வீட்டுக்குள் குனிந்து நுழைந்ததும் அண்ணன் கண் விழித்தான். அம்மாவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், பிறகு கையை நீட்டி உன் நெஞ்சைத் தடவினான். நீ அன்று சாதாரணச் சேட்டுத்தான் போட்டிருந்தாய். படம் இல்லாததால் அவன் முகம் சுருங்கியது. நீ அவன் கட்டிலோரம் இருந்து உன் சேட்டைக் கடித்துக்கொண்டு அழுதாய். மீராசா காக்காவின் மனைவி தட்டத்தில் சோறும் மீன் குழம்பும் கொண்டுவந்து, "அழுதது போதும். எல்லாரும் திண்டுட்டு அழுங்க" என்றார். நாங்கள் தின்றோம். அவர்கள் மகனின் சேட்டோடுதான் அண்ணன் வீட்டுக்கு வந்தான். பெருநாளுக்கு அம்மா புதுச் சேட்டு வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்ததும், அன்று தொடங்கி இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து இருப்பதும் உனக்குத் தெரிந்ததே.

இந்தக் கதை ஊரில் பரவிய பிறகு ஆட்கள் உன்னைத் தேடி வரத் தொடங்கினார்கள். மூதூரிலிருந்து ஒரு தாய், காது கேளாத மகளோடு. டவுனிலிருந்து ஒரு கடைக்காரர், தகப்பனுக்கு மறதி என்று. நீ வந்த எல்லாரிடமும் முதலில் ஒன்றைத்தான் கேட்பாய்: "இவருக்கு என்ன விருப்பம்?" முன்புறப் படத்துக்காக. "அப்பாக்கு என்ன விருப்பம் எண்டு எனக்குத் தெரியாது தம்பி" என்றார் அந்தக் கடைக்காரர். அவர் முகம் கறுத்துவிட்டது. போய் நாலைந்து நாள் கழித்து வந்து, "குதிரை. சின்ன வயசில ஒரு குதிரை பார்த்தவராம். அதைப் பத்தியே கதைச்சுக்கொண்டு இருந்தவர்" என்றார். அந்த நாலைந்து நாளும் அவர் தகப்பனோடு இருந்து கதைத்திருக்கிறார். உன் மேசையில் இருந்து வெளியே போனவற்றில் அந்தக் கதையும் ஒன்று என்று நினைத்துக்கொள்.

இவ்வளவும் நல்லதாகவே சொல்லிக்கொண்டு வந்தால் நீ என்னை நம்பமாட்டாய். முதுகை வாசித்துவிட்டு அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கல்லெறிந்த பெடியன்களை நீயே துரத்தியிருக்கிறாய். ஒரு பஸ் கொண்டக்டர் எழுத்தைப் பார்த்த பிறகும் நிலாவெளி றோட்டில் வெயிலில் இறக்கிவிட்டுப் போனான். எழுத்து எழுத்துத்தான், அதை வாசிக்கிறவன் மனிதனாக இருக்க வேண்டும். உனக்குத் தெரியாத இன்னொன்றும் நடந்தது. நீ பாஸ்போட் வேலையாகக் கொழும்பில் நின்ற கிழமை அண்ணன் மறுபடியும் காணாமல் போனான். நீ எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடி வருவாய் என்று தெரிந்து உனக்குச் சொல்லவில்லை. பொழுது சாய்கிற நேரம் செங்கல் லொறி ஒன்று படலையடியில் வந்து நின்றது. கந்தளாயில் இருந்து திரும்பி வந்திருக்கிறான் அந்தச் சிங்களச் சாரதி, லொறிக்குள் அண்ணனைக் கண்டு, முதுகில் இருந்ததைத் தன் மொழியில் வாசித்துவிட்டு. இறங்கி வந்து எனக்கு ஏசத் தொடங்கினான். "பிள்ளைய இப்பிடியா விடுறது? நான் ரிவர்ஸ் எடுத்திருந்தா என்ன ஆகும்? உனக்கு வயசு போயும் புத்தி இல்லையா?" அவனுக்குத் தெரிந்த தமிழ் முழுவதையும் செலவழித்து ஏசினான். தேத்தண்ணீர் குடிக்கச் சொன்னோம், வேண்டாம் என்று கையை உதறிவிட்டுப் போய்விட்டான். அவ்வளவு ஏச்சை நான் வாழ்நாளில் யாரிடமும் கேட்டு நின்றதில்லை. அன்று தலை குனிந்து நின்று முழுவதையும் கேட்டேன். கேட்கக் கேட்க நெஞ்சு நிறைந்தது.

நீ இல்லாதபோதும் அவன் வீட்டுக்கு வந்தான் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். ஆனால் அதை வைத்து உன்னை ஏமாற்றமாட்டேன். ஒரு நாள் ஒருவரும் கொண்டுவராமலும் போகலாம். நாடு இருக்கிற நிலையில், எந்த எழுத்தை யார் எந்த மனதோடு வாசிப்பான் என்று எனக்குத் தெரியாது. நீ இங்கேயே இருந்தாலும் அது நடக்கலாம். நீ இங்கே இருந்த அன்றுதான் அவன் களப்பில் இறங்கினான். அப்படி ஒரு நாள் வந்தால், நான் போனதால்தான் என்று நீ எண்ணக் கூடாது. நான் உன்னிடம் கேட்கிற வாக்கு அது ஒன்றுதான். நானும் அம்மாவும் போன பிறகு அண்ணனை யார் பார்ப்பது என்று நீ கேட்பாய். அதற்கு இன்று உன்னிடம் பதில் வாங்கமாட்டேன். அப்போது நீ எங்கே இருப்பாய், உன்னோடு யார் இருப்பார்கள், எனக்கென்ன தெரியும்? இருபத்திரண்டு வயதுப் பிள்ளையின் தோளில் நாளையை எல்லாம் இன்றே ஏற்றிவைப்பது தகப்பன் செய்கிற வேலையல்ல. அந்த நேரம் வரும்போது உன் மனம் உனக்குச் சொல்லும். உன் மனத்தை அந்த மேசையில் நான் பார்த்திருக்கிறேன்.

குவைத்தில் கண்டபடி யாருக்கும் பாஸ்போட்டைக் கொடுத்து வைக்காதே. வெயிலில் வேலை என்றால் உப்புப் போட்ட தண்ணீர் குடி. அம்மாவுக்கு ஒன்றும் எழுத இல்லாவிட்டாலும் சுகம் என்று ஒரு வரி எழுது. அறையில் உன்னோடு இருப்பவர்கள் எந்த ஊர், எந்த மொழியாக இருந்தாலும் அவர்கள் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டு வை. ஒருவனை அறிய அது போதும். பிழை செய்தால் ஒத்துக்கொள், செய்யாததை ஒத்துக்கொள்ளாதே. ரீசேட்டைப் பற்றிக் கவலைப்படாதே. உன் தாள்களையும் கத்தரிக்கோலையும் நான் எடுத்துப் பார்த்தேன். எனக்கு நேராக வெட்ட வரவில்லை. அம்மா வெட்டுகிறாள். அவளுக்கு வருகிறது. சூடு பார்ப்பது நான். இயந்திரத்தோடு வாழ்ந்தவனுக்குச் சூடு தெரியும். புதிதாக இரண்டு செய்து வைத்திருக்கிறோம். சிங்கள வரியைப் பியசேன பார்த்துச் சரி என்றுவிட்டான்.

புதன்கிழமை காலையில் பஸ் நிலையத்துக்கு அண்ணனையும் கூட்டிக்கொண்டுதான் வருவோம். ஒளித்துப் போக வேண்டாம். அவன் நித்திரையில் இருக்கும்போது போய்விடலாம் என்று நீ நினைத்திருக்கலாம். அப்படிச் செய்தால் அவன் நாள் முழுவதும் வீடு வீடாக உன்னைத் தேடுவான். நீ போவதை அவன் பார்க்கட்டும். யன்னல் பக்கம் இருந்துகொள். அவன் வெளியே நின்று உன் கையை எட்டிப் பிடிப்பான், எனக்குத் தெரியும். கையை இழுத்துக்கொள்ளாதே, அவன் பிடித்துக்கொண்டு நிற்கட்டும். சாரதி இயந்திரத்தை முடுக்கியதும் நான் அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுப்பேன். அவன் கத்துவான். பஸ்ஸில் இருப்பவர்கள் பார்ப்பார்கள். பார்க்கட்டும். விரலைப் பிரிப்பது என் வேலை, மகன். உன் வேலை இறங்காமல் இருப்பது.